எட்டு மணிப் பலகை

ஐரோப்பிய மாதிரி காலை எட்டு மணிக்குள் வந்துவிடும். அமெரிக்க மாதிரி அதற்கும் முந்தி. மாலையிலும் அப்படித்தான். காற்றையும் ஈரத்தையும் கணக்கிட்டு, அடுத்த பத்து நாட்களை வரைபடமாகத் தரும் கணினிக் கணிப்புகள் அவை. நவம்பர் தொடங்கியதிலிருந்து அவை வரும் நேரங்களுக்கு ஏற்றபடிதான் நான் சாப்பிட்டேன், குளித்தேன், வேலைக்குப் போனேன்.

வரைபடத்தில் மழை பச்சை, பனி நீலம். நவம்பர் பத்தாம் திகதி பார்த்தபோது பத்தொன்பதில் நீலம் இருந்தது. பத்தொன்பதாம் திகதி பார்த்தபோது அது இருபத்தெட்டுக்குப் போயிருந்தது. இருபத்தெட்டாம் திகதி ஒன்றரைப் பாகை வெப்பநிலையில் நாள் முழுவதும் மழை பெய்தது. பனிக்கு எப்போதும் ஒன்பது நாள் இருக்கும்.

டிசம்பர் இரண்டாம் திகதி மாலை அந்தோனிதாசன் அண்ணை குழுமத்தில் குரற்செய்தி போட்டார்.

"பதினொண்டாம் திகதி. அமெரிக்காக்காரன் பத்து சென்ரிமீற்றர் காட்டுறான். இந்தமுறை ஆள் ஏமாத்தமாட்டான். எழுதி வையுங்கோ."

"எழுதியாச்சு அண்ணா," என்று பூர்ணா அக்கா பதில் எழுதினார். "ஆனா டிக்கெட் வந்துடுச்சு. ஆறாம் தேதி, சனிக்கிழமை."



எங்கள் குழுமத்தில் மூன்றே பேர். இரண்டு வருடங்களுக்கு முன், டென்மார்க்கில் எங்கள் ஊரான பிராண்டேயின் தமிழர்களுடைய பெரிய குழுமத்தில், குளிர்கால டயர் எப்போது மாற்றலாம் என்று யாரோ கேட்டார்கள். மூன்று பேர் வரைபடத்தோடு பதில் போட்டோம். மற்றவர்கள் சிரிக்கும் முகங்களைப் போட்டார்கள். அண்ணை மூவரையும் பிரித்தெடுத்துத் தனிக் குழுமமாக்கி அதற்குப் 'பூச்சியம்' என்று பெயர் வைத்தார். பூச்சியம் பாகை. அவர் முன்பு பிராண்டேயில் இருந்தவர், இப்போது கிழக்குக் கரை நகரமான ஹோர்சன்ஸில் பஸ் ஓட்டுகிறார். பூர்ணா அக்கா சென்னைக்காரர். காற்றாலை இறக்கைகள் எவ்வளவு காற்றைத் தாங்கும் என்று கணக்கிடும் பொறியாளர். அக்டோபரில் அவருடைய ஒப்பந்தம் முடிந்தது, அதை யாரும் நீட்டவில்லை, அதனால் ஊர் திரும்புகிறார். நான் கிருபாஷினி. ஓகூஸ் பல்கலைக்கழகத்தில் பௌதிகவியல் படித்தேன். இப்போது ஹோர்சன்ஸில் ஒரு கழிவுநீர் ஆய்வுகூடத்தில் போத்தல்களுக்கு இலக்கம் ஒட்டுகிறேன். அம்மா அப்பாவோடு பிராண்டேயில் இருக்கிறேன். குழுமத்தில் நான் எழுதும் வசனம் பெரும்பாலும் ஒன்றுதான்: "வாய்ப்பு உண்டு."

எங்களுக்கு விதிகள் இருந்தன. ஆளுக்கொரு பலகை, நாற்பது சென்ரிமீற்றர் சதுரம், வெள்ளை அடித்தது. அதை முதல் நாள் மாலையே வெளியில் வைத்துவிட வேண்டும். வீட்டுக்குள்ளிருந்து எடுத்துப் போகும் பலகை சூடாக இருக்கும், விழுவது உருகிவிடும். காலை எட்டு மணிக்கு அடிமட்டத்தால் அளக்க வேண்டும், எழுத வேண்டும், பிறகு பலகையைத் துடைக்க வேண்டும். பலகையின் அரைவாசியாவது மூடியிருந்தால்தான் பனி. மழையோடு கலந்து விழுவது சேராது. புகைபோக்கியின் கீழே விழுவதும் சேராது. கடுங்குளிர் மூடுபனியில் தொழிற்சாலை நீராவி உறைந்து அந்தச் சுற்றுவட்டாரத்தில் மட்டும் கொட்டும். கொம்பனிக்காரன் விடும் பனி என்பதால் அண்ணை அதற்கு 'கொம்பனிச் சினோ' என்று பெயர் வைத்திருந்தார். அதை நாங்கள் நேரில் பார்த்ததில்லை. ஆனாலும் விதி இருந்தது.

பூர்ணா அக்காவிடம் ஒரு நோட்டுப் புத்தகம் உண்டு. நங்கநல்லூர் வீட்டு மொட்டைமாடியில் பிளாஸ்டிக் மழைமானி வைத்து அளக்கத் தொடங்கிய நாளிலிருந்து வரிசையாக எழுதி வருகிறார். தேதி, மழை, குறிப்பு. டென்மார்க் வந்ததும் நடுவில் ஒரு கோடு போட்டுப் பனிக்கு ஒரு பத்தி சேர்த்தார். அந்தப் பத்தியில் தொள்ளாயிரத்துக்கு மேல் பூச்சியங்கள் இருந்தன. இடையிடையே சில வெற்றிடங்கள்.

"ஜீரோ வேற, காலியா விடறது வேற," என்று ஒருமுறை எனக்குச் சொல்லியிருந்தார். "ஜீரோன்னா பாத்தேன், இல்ல. காலின்னா நான் பாக்கவே இல்ல."

முதல் குளிர்காலத்தில் தங்கையின் கல்யாணத்துக்கு மூன்று வாரம் சென்னை போயிருந்தார். அந்த வருடத்துப் பனி முழுவதும் அந்த மூன்று வாரத்துக்குள் விழுந்து கரைந்தது. இரண்டாவது குளிர்காலத்து வெற்றிடம் என்னால் வந்தது. பனி விழுவதை அவர் இன்னும் ஒருமுறைகூடக் கண்டதில்லை.

பெப்ரவரியில் அவருக்குக் கடவுச்சீட்டு புதுப்பிக்கக் கோப்பன்ஹேகன் போக வேண்டியிருந்தது. திகதியைத் தள்ளிப்போடலாம். "வியாழக்கிழமை ஸ்னோ இருக்கா ஷினி? நீ சொல்லு," என்று கேட்டார். நான் இரண்டு மாதிரிகளையும் பார்த்தேன். இரண்டும் பச்சை. வழமையாக எழுதும் வசனத்தை அன்று எழுதவில்லை. "மழைதான் அக்கா. போயிட்டு வாங்கோ," என்று எழுதினேன். வியாழன் காலை எட்டு மணிக்கு என் பலகையில் இரண்டு சென்ரிமீற்றர். பின்னேரம் அவர் ரயிலில் திரும்பி வரும்போது கூரைகளில் இருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அந்த நாளை அவர் நோட்டில் காலியாக விட்டார். என்னைத் திட்டியிருக்கலாம்.

புதன்கிழமை மாலை ஐரோப்பிய மாதிரியில் ஒரு சின்ன நீலக் கீற்று வந்தது. கட்டகாட் கடலிலிருந்து ஒரு பலவீனமான மேகத்திரள், சனிக்கிழமை விடியற்காலை, கிழக்குக் கரையைத் தொட்டுவிட்டு அழிந்துவிடும். பிராண்டே வரை வராது. சமதரையில் ஒரு பாகை, மழை. ஆனால் ஹோர்சன்ஸுக்கு வடக்கே ஐயர் பௌனஹொய் என்று ஒரு குன்று இருக்கிறது. உயரம் நூற்றெழுபது மீற்றர். நாட்டிலேயே உயரமான இடங்களில் ஒன்று. அங்கே பூச்சியத்துக்குக் கீழே அரைப்பாகை.

சாப்பாட்டு மேசையில் நான் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"என்ன பிள்ளை, வருதாமே?" என்றார் அம்மா. அம்மா தவமணிக்குத் துப்புரவு வேலை. விடியக்காலை இருட்டில் கார் ஓட்டிப் போகிறவர்.

"தெரியாதம்மா."

"நான் வரக்கூடாதெண்டு ஜெபிக்கிறன். நீ வரவேணுமெண்டு உந்தப் போனைப் பாத்துக்கொண்டிருக்கிறாய். ஆண்டவர் ஆரின்ரை பக்கம் நிப்பார்?"

"அவர் மழையை விட்டிட்டு ரெண்டு பேரிட்டையும் தப்பீற்றார்," என்றார் அப்பா.

அம்மா புட்டைக் கட்டித் தந்தார். நான் அதை எடுத்துக்கொண்டு பூர்ணா அக்காவின் வீட்டுக்குப் போனேன். சாமான்கள் எல்லாம் விற்றாகிவிட்டது. கூடத்தில் காற்றடைத்த மெத்தை, இரண்டு பெட்டிகள், துவாயில் சுற்றிய மழைமானி. பலகை மட்டும் பல்கனிக்குக் கீழே புல்லில் அதன் இடத்தில் இருந்தது.

"அது பெட்டிக்குள்ள போகாது," என்றார். "பரவால்ல, கடைசி நாள் வரை அங்கயே இருக்கட்டும்."

நான் கீற்றைக் காட்டினேன். நீண்ட நேரம் பார்த்தார். தரையில் உட்கார்ந்து, புட்டைக் கையால் எடுத்துச் சாப்பிட்டபடி பார்த்தார்.

"ஃப்ளைட் பதினொன்னே முக்காலுக்கு. பில்லுண்ட் ஏர்போர்ட்ல ஒன்பதே முக்காலுக்கு இருந்தாப் போதும். விடிகாலை மலைக்குப் போய்ட்டு வர டைம் இருக்கு." பிறகு என்னைப் பார்த்தார். "நீ சொல்லு ஷினி. நீ சொன்னா போவோம். இல்லன்னா நான் நிம்மதியாத் தூங்கறேன்."

வாய்ப்பு உண்டு என்று சொல்ல வந்தேன். அவர் காத்துக்கொண்டிருந்தார்.

"போவம்," என்றேன்.

குழுமத்தில் எழுதியதும் அண்ணை உடனே அழைத்தார். "ஐயர் மலையோ! நானும் வாறன். எனக்குச் சனிக்கிழமை ஒன்பதுக்குத்தான் பஸ். தேத்தண்ணி நான் கொண்டாறன். கிருபாஷினி மலையேறச் சொல்லுறா எண்டால் அது சும்மா இல்லை."

அண்ணை அப்படிச் சொன்னது எனக்குப் பயமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் பூர்ணா அக்கா வீட்டுத் திறப்பைச் சொந்தக்காரரிடம் ஒப்படைத்துவிட்டுப் பெட்டிகளோடும் பலகையோடும் எங்கள் வீட்டுக்கு வந்தார். பின்னேரம் வானம் தெளிந்தது. அதை எந்த மாதிரியும் இவ்வளவு சீக்கிரம் காட்டவில்லை. காற்று நின்றது. ஐந்து மணிக்கு பூச்சியம், ஏழு மணிக்கு மைனஸ் நாலு. தெருவிளக்குகளைச் சுற்றி மூடுபனி கட்டத் தொடங்கியது. கீற்று இன்னும் வரைபடத்தில் இருந்தது, முன்னையிலும் மெல்லியதாக.

அப்பா குப்பை போட்டுவிட்டுக் கைகளைத் தேய்த்துக்கொண்டு உள்ளே வந்தார். "இஞ்ச மைனஸ் நாலு. நீங்கள் குளிர் தேடி எங்க போறியள்?"

"மேல போனா இன்னும் குளிர் அப்பா. நூறு மீற்றருக்கு அரைப்பாகைக்கு மேலை குறையும்."

அது விதி. விதிவிலக்கும் எனக்குத் தெரியும். தெளிந்த வானம், காற்றில்லாத நீண்ட இரவு என்றால் குளிர்ந்த காற்று கனத்துப்போய்க் கீழே தேங்கும், மேலே சூடாக இருக்கும். பரீட்சையில் கேட்டிருந்தால் படத்தோடு எழுதியிருப்பேன். ஆனால் மூன்று நாட்களாக அந்தக் குன்றையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் மனதில் அது குளிர்ந்த இடமாகிவிட்டது. கீற்றும் கிழக்கேதான் இருந்தது.

அம்மா பூர்ணா அக்காவுக்காக நீண்ட ஜெபம் செய்தார். பிரயாணத்துக்காக, வேலை கிடைப்பதற்காக, கல்யாணத்துக்காக. கண்ணை மூடிக்கொண்டே, "அந்தப் பிள்ளை கேக்கிற சினோவையும் ஒருக்கால் காட்டும் ஆண்டவரே, அது ரோட்டிலை விழாமல் விழட்டும்," என்றார். பூர்ணா அக்கா அவசரமாக ஆமென் சொன்னார்.

ஐந்தேகாலுக்குக் கிளம்பினோம். மூடுபனியில் வீதியின் வெள்ளைக்கோடு மட்டும் தெரிந்தது. பெட்டிகள் பின்னால், அவற்றின் மேல் பலகை. மழைமானியை அக்கா மடியில் வைத்திருந்தார். காரின் வெப்பமானி மைனஸ் ஆறு காட்டியது. இருவரும் அதிகம் பேசவில்லை. எனக்குப் பேசாமல் இருப்பது எளிது. அவருக்கு அப்படியல்ல, ஆனால் அவரும் களைத்திருந்தார். மூன்று கிழமையாக விற்பது, கொடுப்பது, கையெழுத்துப் போடுவது.

குன்றை நோக்கி வீதி ஏறத் தொடங்கியபோது வெப்பமானி மைனஸ் நாலாகியது. பிறகு மைனஸ் இரண்டு. நான் வேகத்தைக் குறைத்தேன், அதனால் ஏதோ மாறிவிடும் என்பதுபோல. பூச்சியம். மூடுபனி ஒரே நொடியில் முடிந்தது. நிலா மேற்கில் முழுதாக நின்றது, பக்கத்தில் சில நட்சத்திரங்கள். கார் நிறுத்துமிடத்தில் பிளஸ் இரண்டு.

பூர்ணா அக்காவும் இலக்கத்தைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். 

அண்ணை ஏற்கெனவே வந்திருந்தார். குளிர் உடையைத் திறந்துவிட்டுக் காரில் சாய்ந்திருந்தார்.

"வாங்கோ வாங்கோ. வசந்தகாலம் வந்திட்டுது. நான் ஜக்கெற்றைக் கழட்டப் போறன்."

யாரும் சிரிக்காததைக் கண்டு தேநீரை ஊற்றினார்.

பூர்ணா அக்கா பலகையைப் புல்லில் வைத்தார். கிழக்கே கடல் இருக்கும் திசையில் ஏதாவது மேகம் இருக்கிறதா என்று மூவரும் பார்த்தோம். நான் ரேடார் படத்தைத் திறந்தேன். கீற்று கடலுக்கு மேலேயே கரைந்துவிட்டிருந்தது. ஆறு நாற்பதுக்கு ஒரு புள்ளி இருந்தது. ஆறு ஐம்பதுக்கு அதுவும் இல்லை.

"நிக்குதோ, போயிட்டுதோ?" என்று அண்ணை மெதுவாகக் கேட்டார்.

"போயிட்டுது."

கீழே நிலா வெளிச்சத்தில் மூடுபனி தட்டையாகக் கிடந்தது, எந்தப் பக்கம் பார்த்தாலும். தூரத்தில் காற்றாலைகளின் மேல் இறக்கைகள் மட்டும் அதிலிருந்து வெளியே தெரிந்தன. ஒன்றும் சுழலவில்லை.

"நல்லாத்தான் இருக்கு," என்றார் பூர்ணா அக்கா. "எங்க பரங்கிமலைய விட டபுள் உயரம். அங்க இருந்து ஏர்போர்ட் தெரியும்."

"அக்கா, நான்…"

"விடு ஷினி."

ஏழு ஐந்துக்கு அம்மாவின் குரற்செய்தி வந்தது. கைகள் விறைத்திருந்ததால் ஒலிபெருக்கியில் போட்டுவிட்டேன்.

"பிள்ளை, எங்க நிக்கிறியள்? இஞ்ச உன்ரை சினோ கொட்டுது. கார் எல்லாம் வெள்ளை. துடைக்கத் துடைக்க வருது. நான் எப்பிடி வேலைக்குப் போறது? ரோட்டிலை விழ வேண்டாமெண்டெல்லோ கேட்டனான்!"

அண்ணை தேநீர்க் கோப்பையைக் காரின் மேல் வைத்தார். "மேகமே இல்லையே. எங்காலை விழுது?"

எனக்கு அப்போது விளங்கிவிட்டது. மைனஸ் ஆறு, மூடுபனி, காற்று இல்லை. எங்கள் வீட்டிலிருந்து அறுநூறு மீற்றரில் மரத்தூள் எரித்து ஊருக்கு வெந்நீர் அனுப்பும் வெப்பநிலையம். அதன் நீராவி.

நான் அதைச் சொல்லவில்லை. "போவம் அக்கா. எட்டரைக்குள்ளை போயிடலாம்," என்றேன்.

அண்ணை எங்களோடு வர முடியாது, பஸ் இருந்தது. பூர்ணா அக்காவின் கையைப் பிடித்து, "பிள்ளை, சென்னையிலை சினோ விழுந்தால் எனக்கு அறிவி," என்றார். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு வெப்பக்குடுவையை மூடினார். மூடி சரியாகப் பொருந்தவில்லை. திரும்பத் திரும்ப மூடினார்.

இறங்கும்போது வெப்பமானி அதே வழியில் திரும்பியது. பூச்சியம், மைனஸ் இரண்டு, மைனஸ் ஐந்து. மூடுபனிக்குள் அறுபதுக்கு மேல் ஓட்ட முடியவில்லை. எட்டு மணி வீதியிலேயே கடந்தது. அக்கா கைக்கடிகாரத்தைப் பார்த்தார், நோட்டை எடுக்கவில்லை.

"வீட்டுலயே தூங்கியிருந்தா ஜன்னல் வழியா பாத்திருக்கலாம், இல்ல?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை.

"ஓம்."

"உன் அப்பா அம்மாக்கு இந்த மேப் எல்லாம் தெரியாது. அவங்களுக்கு விழுது."

"மலைக்கு வரச்சொன்னது என்ரை பிழை அக்கா. நேற்றுப் பின்னேரமே தெரிஞ்சிருக்க வேணும். பெப்ரவரியிலையும் நான்தான்."

அவர் ஜன்னல் கண்ணாடியைத் துடைத்தார். "பெப்ரவரில நானும் மேப் பாத்தேன்," என்றார் பிறகு. "எனக்கும் பச்சையாத்தான் தெரிஞ்சுது."

ஊர் எல்லையில் வீதி கறுப்பாகவே இருந்தது. முதல் சுற்றுச்சந்தியிலும் கறுப்பு. தொழிற்பேட்டைப் பக்கம் திரும்பியதும் வேலிகளின் மேல் வெள்ளை தெரிந்தது, பிறகு புல், பிறகு வீதி. முன்விளக்கின் ஒளியில் மிகச் சின்னத் துகள்கள் இறங்கிக்கொண்டிருந்தன. எட்டு இருபத்தைந்து.

"நிறுத்து. இங்கயே நிறுத்து."

வெப்பநிலையத்தின் கம்பிவேலிக்கு வெளியே நிறுத்தினேன். அவர் கதவைத் திறந்து இறங்கி அப்படியே நின்றார். பிறகு ஓடிப்போய்ப் பின்கதவைத் திறந்து பலகையை எடுத்துப் புல்லில் வைத்துக் குந்தினார். துகள்கள் பலகையில் விழுந்ததும் தண்ணீர்ப் புள்ளியாகின. ஒரு மணித்தியாலம் சூடான காருக்குள் இருந்த பலகை.

"கொஞ்சம் ஆறட்டும்," என்றார். தன் விதியை அவரே எனக்குச் சொன்னார்.

அவருடைய கறுப்புக் கோட்டின் கையில் விழுந்தவை உருகவில்லை. கையை முகத்துக்குக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்தார். படங்களில் வரும் ஆறுமுனைப் பூக்கள் அல்ல. நீராவி அவசரமாக உறைந்த சிறு ஊசிகள், தகடுகள். ஆனாலும் நீண்ட நேரம் பார்த்தார். அவருடைய தலைமுடியில், புருவத்தில் விழுந்தது. சத்தமே இல்லை. வேலிக்கு அப்பால் ஒரு மனிதர் மஞ்சள் மேலங்கியோடு வாசலைக் கூட்டிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்துத் தலையசைத்துவிட்டுத் தொடர்ந்து கூட்டினார்.

விடிந்துகொண்டிருந்தது. மூடுபனிக்குள் புகைபோக்கியின் அடிப்பாகம் தெரியத் தொடங்கியது. அதன் மேலே நீராவி எழுந்து, மேலே போக முடியாமல், எங்கள் பக்கம் சாய்ந்து பரவியிருந்தது. பூர்ணா அக்கா தலையை நிமிர்த்தி அதைப் பார்த்தார். அவர் பொறியாளர். நான் சொல்வதற்கு ஒன்றும் மிஞ்சவில்லை. ஆனாலும் அவர் என்னைக் கேட்டார்.

"இது அங்கிருந்து வருது. இல்ல ஷினி?"

இல்லை என்று சொல்லலாம். மேகம் வந்தது என்று சொல்லலாம். மூன்று மணித்தியாலத்தில் அவர் விமானத்தில் இருப்பார், என் சொல்லை யாரும் சரிபார்க்கப் போவதில்லை.

"ஓம்," என்றேன்.

"அப்ப கணக்குல வராது."

"வராது."

"ஆனா விழுது."

"விழுது அக்கா."

அவர் திரும்பவும் கையைப் பார்த்தார். அரைமணி நேரம் அங்கே நின்றோம். எனக்குக் கால் விறைத்தது. துகள்கள் மெல்லக் குறைந்தன. எட்டு ஐம்பத்தைந்துக்குப் பலகை போதிய அளவு குளிர்ந்து, ஒரு மூலையில் மாப்பொடி போல ஏதோ பிடித்திருந்தது. அவர் அடிமட்டத்தை எடுக்கவில்லை. பலகையில் எவ்வளவு மூடியிருக்கிறது என்று விரலால் அளந்தார்.

"கால்வாசிகூட இல்ல," என்றார். எழுந்து முழங்காலைத் தட்டினார். "கிளம்பலாம்."

விமான நிலையம் போகும் வழியில் நோட்டை எடுத்தார். பனியின் பத்தியில் பூச்சியம் போட்டார். அதை ஓரக்கண்ணால் கண்டேன். பிறகு குறிப்பு எழுதும் இடத்தில் ஏதோ எழுதினார், இரண்டு வரி இருக்கும். நான் வீதியைப் பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தேன்.

புறப்பாட்டு வாசலில் இரண்டு பெட்டிகளையும் இறக்கினேன். கட்டிப்பிடிக்க வேண்டும் என்று நினைத்தேன், எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. அவர்தான் பிடித்தார். கோட்டில் இன்னும் ஈரம் இருந்தது.

"பலகைய நீயே வச்சுக்கோ," என்றார்.

வீட்டுக்கு வந்தபோது வெயில் பட்டு முற்றம் ஈரமாக இருந்தது. மதில் ஓரத்தில் மட்டும் கொஞ்சம் வெள்ளை. என் பலகை சுத்தமாக, காய்ந்து இருந்தது. வேலைக்குப் போகாமல் நின்றுவிட்ட அம்மா ஜன்னலைத் திறந்தார்.

"நீ எட்டு மணிக்குத் துடைக்கிறனீ எல்லோ. நீ இல்லையெண்டு நான் துடைச்சு வைச்சன். சினோ நிறைய இருந்தது."

"எவ்வளவு அம்மா?"

"நிறைய," என்றார் அம்மா.

அன்று மாலை குழுமத்தில் எழுதினேன்: "மலைக்குப் போகச் சொன்னது என் பிழை. பிராண்டேயில் விழுந்தது புகைபோக்கிப் பனி. அளவு இல்லை." அண்ணை ஒரு பெருமூச்சு விடும் முகத்தைப் போட்டார். சிறிது நேரம் கழித்து, "பதினொண்டாம் திகதி இன்னும் நீலம்," என்று எழுதினார்.

திங்கட்கிழமை வேலைக்குப் போகும்போது வெப்பநிலையத்தின் வாசலில் நிறுத்தினேன். மஞ்சள் மேலங்கிக்காரர் இருந்தார். அந்நியரிடம் போய்ப் பேசுவது எனக்கு வராது. காருக்குள் இருந்தபடி வசனத்தை மூன்றுமுறை சொல்லிப் பார்த்தேன். பிறகு இறங்கிப்போய், வேலியோரம் ஒரு பலகை வைக்கலாமா என்று கேட்டேன். எதற்கு என்றார். அளப்பதற்கு என்றேன். புல் வெட்டும் வரை இருக்கட்டும் என்றார், ஏப்ரல் வரை வெட்டமாட்டார்களாம்.

பதினொன்றாம் திகதி ஒன்றரைப் பாகையில் மழை பெய்தது. எங்கள் முற்றத்துப் பலகையை அளந்துவிட்டு, எட்டேகாலுக்கு வேலியோரப் பலகைக்குப் போனேன். நனைந்திருந்தது. மேலே ஒரு புல் ஒட்டியிருந்தது. துணியால் துடைத்துவிட்டு, பூர்ணா அக்காவுக்கு எழுதினேன்: "உங்கட பலகை. பூச்சியம்."

இரண்டு நிமிடத்தில் பதில் வந்தது. "குறிச்சுட்டேன். இங்க காலை எட்டரை வரை 62 மி.மீ. மொட்டைமாடில தண்ணி நிக்குது."

அண்ணையின் குரற்செய்தியும் வந்திருந்தது. இருபதாம் திகதியாம். அதைக் கேட்டு முடிக்காமல் காரை எடுத்தேன். வேலைக்குப் பிந்திவிட்டிருந்தது.